பிள்ளை தங்காதவள் என்று யாரையும் சொல்லாதீர்கள்

எங்கள் சின்னம்மாவுக்கு மூன்று பிரசவம். தங்கியது ஒன்று. 1986-ல் பிறந்த மகன் இன்று லாரி ஓட்டுகிறான். 1988-ல் பிறந்த பெண் குழந்தை, பிறந்த அன்றே மஞ்சள் பூத்து மூன்றாம் நாள் போய்விட்டது. 1990-ல் எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே அசைவு நின்றுபோனது. அந்தக் குழந்தையின் முகத்தைக்கூட சின்னம்மாவுக்குக் காட்டவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் தெருவில் அவருக்கு ஒரு பெயர் வந்தது: பிள்ளை தங்காதவள். மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். கழிப்புக் கழித்தார்கள். குலதெய்வத்துக்குச் செய்த குற்றம் என்றார்கள். வளைகாப்பு வீடுகளில் அவரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் நலங்கு வைக்க விடவில்லை. ஊர்த்தெரு எங்களை ஒதுக்கிவைத்தது ஒரு பக்கம். ஒதுக்கப்பட்ட நாங்களே எங்களுக்குள் ஒருத்தியை ஒதுக்கிவைத்தோம் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

பல வருடம் கழித்து, கர்ப்பப்பை ஆபரேஷனுக்காகப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது சின்னம்மாவின் ரத்தத்தைச் சோதித்தார்கள். ஓ நெகட்டிவ். அந்த வகை ரத்தம் கையிருப்பில் இல்லை என்றதும் உறவுக்காரர்கள் எல்லோரும் விரலை நீட்டினோம். எனக்கும் அதே வகை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தபோது ஓர் இளம் டாக்டர் சின்னம்மாவிடம், "எத்தனை குழந்தைங்கம்மா?" என்று கேட்டார். சின்னம்மா சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த டாக்டர், ஒரு காகிதத்தின் பின்பக்கத்தில் படம் போட்டு எங்களுக்கு விளக்கினார். எல்லாவற்றையும் கேட்டு முடித்த சின்னம்மா கேட்டது ஒரே கேள்விதான்.

"அப்போ எம்மேல குத்தம் இல்லீங்களா டாக்டர்?"

அந்தக் கேள்விக்காகத்தான் இந்த வாரப் பத்தி.

காவல்காரன் செய்யும் பிழை

நம் உடம்புக்குள் ஒரு காவல் இருக்கிறது. நோய்க்கிருமி நுழைந்தால் அது அந்நியன் என்று கண்டுபிடித்து அழிக்கும். அதைத்தான் நோய் எதிர்ப்பாற்றல் என்கிறோம். இந்தக் காவல் இல்லாவிட்டால் சாதாரணச் சளிகூட ஆளைச் சாய்த்துவிடும். ஆனால் சில நேரம் இதே காவல், தீங்கு செய்யாதவனையும் திருடன் என்று நினைத்து அடித்துவிடும். வேர்க்கடலை தின்றால் சிலருக்கு முகம் வீங்குகிறது. பெனிசிலின் ஊசி போட்டதும் சிலருக்கு மூச்சு முட்டுகிறது. கட்டட வேலைக்குப் போகிறவர்களில் சிலருக்கு சிமெண்ட் பட்டுக் கை வெடிக்கிறது. வயலில் பார்த்தீனியம் பிடுங்குகிற பெண்களில் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கிறது. இவையெல்லாம் காவல் அளவு மீறிப் பாய்வதால் வருபவை. 1963-ல் ஜெல், கூம்ப்ஸ் என்ற இரண்டு விஞ்ஞானிகள் இத்தகைய மிகை எதிர்வினைகளை நான்கு வகையாகப் பிரித்தார்கள். அதில் இரண்டாம் வகையில் வருவதுதான் சின்னம்மாவின் குழந்தைகளுக்கு நேர்ந்தது.

பன்னிரண்டாம் வகுப்பு விலங்கியல் படிக்கும் பிள்ளைகளுக்கு 'எரித்ரோபிளாஸ்டோசிஸ் பீட்டாலிஸ்' என்ற பெயர் தெரிந்திருக்கும். தேர்வுக்கு மனப்பாடம் செய்திருப்பீர்கள். அது உங்கள் தெருவில் யாருக்கோ நடந்த கதை என்று பாடப்புத்தகம் சொல்லாது. நான் சொல்கிறேன்.

ரத்தச் சிவப்பணுவின் மேல் 'டி' என்று ஓர் ஆன்டிஜென் இருந்தால் அது ஆர்எச் பாசிட்டிவ். இல்லாவிட்டால் ஆர்எச் நெகட்டிவ். நம் நாட்டில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்து பேர் நெகட்டிவ். தாய் நெகட்டிவ், தகப்பன் பாசிட்டிவ் என்றால் வயிற்றில் இருக்கும் குழந்தை பாசிட்டிவாக இருக்க வாய்ப்பு அதிகம். முதல் குழந்தை பெரும்பாலும் தப்பிவிடும். ஆனால் பிரசவத்தின்போது குழந்தையின் ரத்தம் கொஞ்சம் தாயின் ரத்தத்தில் கலக்கும். தாயின் உடம்புக்கு அது முன்பின் தெரியாத ரத்தம். அதை அழிக்க ஆன்டிபாடி தயாரிக்கும். தயாரித்ததை மறக்கவும் செய்யாது. அடுத்த முறை பாசிட்டிவ் குழந்தை கருவில் உருவானால், அந்த ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குள் போய் அதன் சிவப்பணுக்களை உடைக்கும். குழந்தைக்கு ரத்தம் குறையும், உடம்பு வீங்கும், மஞ்சள் காமாலை ஏறும். காமாலை மூளைக்கு ஏறினால் பிழைத்தாலும் காது கேட்காமல், கை கால் இழுத்துக்கொண்டு வாழ நேரிடும். பல குழந்தைகள் பிழைப்பதே இல்லை.

இதில் தாயின் குற்றம் என்ன? சாபம் எங்கே வந்தது?

இருபது வருஷம் தாமதமான ஊசி

இதற்கு மருந்து இருக்கிறது. ஆன்டி-டி ஊசி என்று பெயர். கர்ப்பத்தின் 28-வது வாரத்தில் ஒரு முறை போடுவார்கள். குழந்தை பிறந்து, அது பாசிட்டிவ் என்று தெரிந்தால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு முறை போடுவார்கள். தாயின் ரத்தத்தில் கலந்த குழந்தையின் அணுக்களை, தாயின் காவல் பார்ப்பதற்கு முன்பே இந்த ஊசி அப்புறப்படுத்திவிடும். பார்க்காததற்கு எதிராகக் காவல் ஆயுதம் செய்யாது. ஆனால் ஒன்று: ஆன்டிபாடி உருவாகிவிட்ட பிறகு இந்த ஊசியால் பயன் இல்லை. முன்கூட்டிப் போட வேண்டும்.

இந்த ஊசி 1968-லேயே வந்துவிட்டது. சின்னம்மாவின் மூத்த மகன் பிறந்தது 1986-ல். அந்தப் பிரசவம் முடிந்த மூன்று நாளுக்குள் ஒரே ஓர் ஊசி போட்டிருந்தால் அந்தப் பெண் குழந்தைக்கு இன்று முப்பது வயதைத் தாண்டியிருக்கும். ஊசி உலகத்துக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தெருவுக்கு வரவில்லை. ஊசி இருக்கட்டும், சின்னம்மாவின் ரத்தம் என்ன வகை என்றே அன்று யாரும் பார்க்கவில்லை. பிரசவம் பார்த்த இடத்தில் கேட்டதெல்லாம் ஊர்ப் பேரும் தெருப் பேரும்தான்.

தெருவின் பெயரைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும். ரத்த வகையைக் கேட்டிருந்தால் குழந்தை பிழைத்திருக்கும்.

அத்தை மகன் ரத்தமும் ஒவ்வாத ரத்தம்தான்

சின்னம்மா கட்டிக்கொண்டது சொந்த அத்தை மகனை. 'ரத்தம் விட்டுப்போகக் கூடாது' என்று பெரியவர்கள் முடித்துவைத்த கல்யாணம். ஒரே சாதி, ஒரே வகையறா, ஒரே குலதெய்வம். அப்படியிருந்தும் அந்த இரண்டு பேர் ரத்தமும் ஒத்துப்போகவில்லை.

இதே செய்தியை மருத்துவ வரலாறும் சொல்கிறது. 1939-ல் நியூயார்க்கில் லெவின், ஸ்டெட்சன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார்கள். அவருக்குக் குழந்தை இறந்து பிறந்தது. ரத்தப்போக்கு அதிகமானதால் அவருடைய கணவரின் ரத்தத்தையே ஏற்றினார்கள். இருவருக்கும் ஒரே ஓ வகை. ஆனாலும் ரத்தம் ஏறியதும் அந்தப் பெண்ணின் உடம்பு கடுமையாக எதிர்த்தது. கணவனின் ரத்தம் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்ற கேள்வியில் இருந்துதான் ஆர்எச் விவகாரம் வெளிச்சத்துக்கு வந்தது. அடுத்த ஆண்டு லேண்ட்ஸ்டைனரும் வீனரும் ரீசஸ் குரங்கை வைத்துச் செய்த ஆய்வில் இருந்து இந்தப் பெயர் வந்தது.

அதே லேண்ட்ஸ்டைனர்தான் 1900, 1901 ஆண்டுகளில் வியன்னாவில் ஏ, பி, ஓ வகைகளைக் கண்டுபிடித்தவர். தன் ஆய்வகத்தில் வேலை செய்தவர்களின் ரத்தத்தை ஒன்றோடு ஒன்று கலந்து பார்த்தார். சில கலந்தன, சில கட்டி கட்டியாகத் திரண்டன. திரள்வதற்குக் காரணம் அணுவின் மேல் இருக்கும் ஆன்டிஜென் என்று புரிந்தது. மனிதனின் ரத்தத்தில் இயற்கை போட்ட கோடு அது. அந்தக் கோடு அண்ணன் தம்பிக்கு நடுவில் போகும், புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் போகும், தாய்க்கும் வயிற்றுக் குழந்தைக்கும் நடுவில்கூடப் போகும். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் மட்டும் போகாது.

சிலர் கேட்பார்கள்: ஒரு சமூகத்தில் ஏ அதிகம், இன்னொன்றில் பி அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றனவே? உண்மைதான், விகிதம் கொஞ்சம் கூடும், குறையும். தலைமுறை தலைமுறையாக ஒரே வட்டத்துக்குள் கல்யாணம் செய்தால் அப்படி ஆகும். ஆனால் எல்லாத் தெருவிலும் எல்லா வகையும் இருக்கிறது. விபத்தில் அடிபட்டுக் கிடக்கும் ஒரு பி பாசிட்டிவ் ஆளுக்கு, அவர் சாதிக்கார ஏ பாசிட்டிவ் ரத்தம் எமன். எந்தச் சாதியானாலும் பி பாசிட்டிவ் ரத்தம் உயிர்.

இன்னும் ஒன்றைச் சொல்ல வேண்டும். 1952-ல் பம்பாயில் பெண்டே என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் ஓர் அபூர்வ ரத்த வகையைக் கண்டுபிடித்தார்கள். 'பாம்பே ரத்த வகை' என்று உலகம் முழுக்க அதற்குப் பெயர். அந்த வகைக்காரர்களுக்கு ஓ ரத்தம்கூட ஆகாது. அதே பாம்பே வகைதான் வேண்டும். தாய், தகப்பன் இருவரிடம் இருந்தும் ஒரே மறைந்த மரபணு வந்து சேர்ந்தால்தான் இது வரும். நெருங்கிய சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தால் அப்படிச் சேரும் வாய்ப்பு கூடும். ரத்தம் கலக்கக் கூடாது என்று கட்டிக் காப்பதால் ரத்தம் சுத்தமாவதில்லை. அவசரத்துக்கு ரத்தம் கிடைக்காத பிள்ளைகள் பிறப்பதற்குத்தான் அது வழி செய்கிறது.

அண்ணல் அம்பேத்கர் 1936-ல் 'சாதி ஒழிப்பு' எழுதியபோது, சாதி என்பது இனப் பிரிவு அல்ல என்று வாதிட்டார். பஞ்சாப் பிராமணருக்கும் சென்னைப் பிராமணருக்கும் இன ஒற்றுமை எங்கே இருக்கிறது, அந்தந்த வட்டாரத்தில் பிராமணரும் தீண்டத்தகாதவரும் ஒரே மக்கள்தானே என்பது அவர் எழுப்பிய கேள்வி. சாதியை ஒழிக்கக் கலப்பு மணமே உண்மையான மருந்து என்றும் அவர் அதில் சொன்னார். இன்றும் இந்தத் தமிழ்நாட்டில் 'நம்ம ரத்தம் கலந்துடக் கூடாது' என்று பெற்ற மகளையே வெட்டுகிறார்கள். அப்படி வெட்டியவர்கள் கொட்டிய ரத்தம் என்ன வகை என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா?

அமெரிக்காவும் இதைச் செய்தது

இந்த மடமை நமக்கு மட்டும் உரியது அல்ல. இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் முதலில் கறுப்பர்களிடம் ரத்தமே வாங்கவில்லை. எதிர்ப்பு கிளம்பியதும் 1942-ல் வாங்கத் தொடங்கியது. ஆனால் கறுப்பர் ரத்தத்தைத் தனியாக வைத்தது. ரத்தத்தில் நிறபேதம் இல்லை என்று மருத்துவம் அறிந்திருந்த காலம் அது. போர்க்களத்துக்குப் பிளாஸ்மா அனுப்பும் வேலையை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவரான டாக்டர் சார்லஸ் ட்ரூ ஒரு கறுப்பர். இந்தப் பிரிவினைக்கு அறிவியல் ஆதாரம் எதுவும் இல்லை என்று அவர் வெளிப்படையாகச் சொன்னார். அந்தச் சங்கம் 1950-ல்தான் இதைக் கைவிட்டது. நாம் கற்றுக்கொள்ள வேண்டியது: அறிவியல் தெரிந்துவிட்டால் மட்டும் பேதம் தானாகப் போய்விடாது. கேள்வி கேட்டுப் போராடினால்தான் போகும்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். சின்னம்மாவுக்கு ரத்தம் கொடுத்தபோது என் போன் நம்பரை எழுதி வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு ராத்திரி அழைப்பு வந்தது. பிரசவத்தில் ஒரு பெண்ணுக்கு ரத்தப்போக்கு, ஓ நெகட்டிவ் வேண்டும் என்றார்கள். போனேன். வாசலில் அந்தப் பெண்ணின் மாமனார் நின்றிருந்தார். பக்கத்து ஊர் ஊர்த்தெருக்காரர். "தம்பி எந்த ஊரு?" என்றார். சொன்னேன். "எந்தத் தெரு?" என்றார். அதையும் சொன்னேன். அதன்பிறகு அவர் பேசவில்லை. என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. நான் உள்ளே போய்ப் படுத்து ரத்தம் கொடுத்துவிட்டு வந்தேன். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

அந்த ரத்தப் பையில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தேன். ரத்த வகை, பை எண், எடுத்த தேதி, காலாவதித் தேதி எழுதியிருந்தது. தெருவின் பெயருக்கு அதில் கட்டமே இல்லை.

ஆன்டி-டி ஊசிக்கும் இப்படி ஒரு கதை உண்டு. அந்த மருந்து பெரும்பாலும் மனிதர்கள் தானமாகக் கொடுக்கும் பிளாஸ்மாவில் இருந்து எடுக்கப்படுகிறது. ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் என்பவர், பதினான்கு வயதில் தனக்கு ரத்தம் கொடுத்துக் காப்பாற்றியவர்களுக்கு நன்றியாக 1,173 முறை தானம் கொடுத்தார். அவர் பிளாஸ்மாவில் இருந்த ஆன்டிபாடி ஏராளமான தாய்மார்களுக்கு மருந்தானது. 2025 பிப்ரவரியில் 88 வயதில் இறந்தார். தன் ரத்தம் எந்தத் தெருக் குழந்தைக்குப் போகிறது என்று அவர் கேட்டதில்லை.

நாம் கேட்க வேண்டியது

இன்று நிலைமை 1986 போல இல்லை. கர்ப்பத்தைப் பதிவு செய்ததும் ரத்த வகை பார்க்கிறார்கள். 2011-ல் வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தின்படி அரசு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்குச் சோதனை, மருந்து, ரத்தம் எல்லாம் இலவசம். நம் பெண்களுக்காக வெயிலில் நடந்து வரும் கிராம சுகாதார செவிலியர்கள் பலரை நான் அறிவேன். ஆனால் ஊர்த்தெருவோடு திரும்பிப் போகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். ஊசி ஸ்டாக் இல்லை, வெளியே வாங்கி வா என்று சீட்டு எழுதிக் கொடுத்த கதைகளையும் கேட்டிருக்கிறேன். வெளியே அந்த ஊசி சில ஆயிரம் ரூபாய். கூலி வேலைக்குப் போகும் குடும்பம் 72 மணி நேரத்துக்குள் அந்தப் பணத்தைப் புரட்ட முடியுமா? புரட்ட முடியாமல் போனால் இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. அடிபடுவது அடுத்த குழந்தை. அதனால்தான் யாரும் அவசரம் காட்டுவதில்லை.

எனவே, கர்ப்பிணி இருக்கும் ஒவ்வொரு வீடும் அட்டையை எடுத்துப் பாருங்கள். ரத்த வகை எழுதியிருக்கிறதா? நெகட்டிவ் என்று இருந்தால் கணவரின் ரத்தத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். தாயின் ரத்தத்தில் ஆன்டிபாடி உருவாகிவிட்டதா என்று பார்க்கும் கூம்ப்ஸ் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். 28-வது வாரம் எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பிரசவம் ஆனதும் குழந்தையின் ரத்த வகையைக் கேளுங்கள். கரு கலைந்தாலும், கலைத்தாலும் இதே ஆபத்து வரலாம். ஆகவே மெடிக்கல் ஷாப் மாத்திரையில் ரகசியமாக முடித்துவிடாமல் டாக்டரிடம் போய், 'நான் நெகட்டிவ், எனக்கு ஊசி வேண்டுமா?' என்று கேளுங்கள். ஏற்கெனவே ஆன்டிபாடி உருவாகிவிட்டவர்களும் நம்பிக்கை இழக்க வேண்டாம். கருவைத் தொடர்ந்து கண்காணித்து, தேவைப்பட்டால் வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்கு ரத்தம் ஏற்றுகிற சிகிச்சை பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது.

கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம். இது பிச்சை அல்ல, உரிமை. சாதியின் பேரால் மருத்துவமனையில் அனுமதி மறுப்பது 1955-ன் குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் வருவதைத் தடுப்பது, 2015-ல் திருத்தப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும் குற்றம்.

சுகாதாரத் துறைக்கு ஒரே கோரிக்கை. பிரசவம் நடக்கும் ஒவ்வோர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் ஆன்டி-டி ஊசி கையிருப்பில் இருக்க வேண்டும். எத்தனை ஊசி இருக்கிறது என்று தடுப்பூசி அட்டவணைக்குப் பக்கத்தில் பலகையில் எழுதிப் போடுங்கள். அதைப் படித்துப் பார்க்க எங்கள் தெருவில் இப்போது பிள்ளைகள் இருக்கிறார்கள்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. பதினெட்டு வயது ஆனவர்கள், 45 கிலோ எடை இருப்பவர்கள் ரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒருமுறை. ஜூன் 14, லேண்ட்ஸ்டைனர் பிறந்த நாள், உலக ரத்ததான நாள். அன்று உங்கள் தெருவில் ஒரு முகாம் கேளுங்கள். வயது வந்த ஒவ்வொருவரின் ரத்த வகையையும், அவர்கள் சம்மதத்தோடு, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இத்தனை காலமாக நம் தெருவைப் பற்றி யார் யாரோ என்னென்னவோ எழுதிவைத்தார்கள். உயிர் காக்கிற ஒரு கணக்கை நாமே எழுதுவோம்.

சின்னம்மாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. அன்று அந்த டாக்டர் சொன்ன பதிலை அவர் இன்னும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். "உங்க மேல ஒரு குத்தமும் இல்லம்மா. நாங்கதான் பார்க்காம விட்டுட்டோம்."

போன மாதம் பக்கத்து வீட்டு மருமகளுக்கு வளைகாப்பு. சின்னம்மாவைத்தான் முதலில் நலங்கு வைக்கச் சொன்னார்கள். சந்தனம் பூசிவிட்டு அவர் அந்தப் பெண்ணின் காதில் ஏதோ கேட்டார். என்ன கேட்டீர்கள் என்று பிறகு நான் விசாரித்தேன்.

"அட்டையில பிளட் குரூப் எழுதியிருக்கான்னு கேட்டேன்" என்றார்.